செவ்வாயில் நான் கெடுத்த நாற்றங்கால்

செவ்வாய்க் கிரகத்துக்குப் போய்த் திரும்பியவர் குடவாசல் தாலுக்காவில் இதுவரை யாரும் இல்லை. நான் அதன் வாசல் வரைக்கும் போனேன். வாசலுக்கு அந்தப் பக்கம் என் மகள் இருந்தாள். அவளைப் பார்க்கப் போனேன், பார்க்காமல் திரும்பினேன். போன இடத்தில் செய்த ஒரே நல்ல காரியத்தையும் பத்து நாள் தாமதமாகச் செய்தேன்.

இந்தச் செவ்வாய் இருப்பது ஓமான் பாலைவனத்தில். என்றைக்காவது மனிதர்கள் வேறு கிரகத்தில் குடியேறினால் பல் தேய்ப்பது, துணி துவைப்பது, அடுத்தவரின் குறட்டையைப் பொறுத்துக்கொள்வது எல்லாம் எப்படி என்று பார்ப்பதற்காக, வெளிநாட்டு அமைப்பொன்று செம்மண் மேடுகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கூடாரத்தை எழுப்பி, ஆறு பேரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தியிருந்தது. நான்கு மாதம். வெளியே கால் வைக்க வேண்டுமானால் விண்வெளி உடுப்பு. அதை மாட்டி முடிக்க ஒரு மணி நேரம். ஜன்னல் திறக்கக் கூடாது. இணையம் கிடையாது. அங்கிருந்து எழுதும் செய்தி பூமிக்கு வந்து சேர இருபது நிமிடம், நம் பதில் போய்ச் சேர இருபது நிமிடம். நிஜச் செவ்வாய் விலகி நிற்கும் காலத்தில் அவ்வளவு ஆகுமாம். 'பூமி' என்று அவர்கள் அழைத்த கட்டுப்பாட்டு முகாம் கூடாரத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர். கொஞ்சம் எட்டி நடந்தால் செய்திக்கு முன்னால் நாமே போய்விடலாம்.

ஆறு பேரில் ஒருத்தி என் மகள் பவித்ரா. தண்ணீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் பொறியியல் படித்தவள். ஆறு பேரின் வியர்வையும் இன்னபிறவும் மறுநாள் காபியாக வந்து சேருவதற்கு அவள் பொறுப்பு. நான்கு மாதத்தில் பாதி கழிந்ததும் ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் ஒரு ஆளை முறை வைத்து வரவழைத்து நான்கு நாள் முகாமில் தங்க வைத்தார்கள். பார்க்க முடியாது, எழுதலாம். தன் வீட்டு ஆள் கூப்பிடு தூரத்தில் இருப்பது தெரிந்தால் உள்ளே இருப்பவரின் மனம் என்ன பாடுபடுகிறது என்று ஆராய்ச்சி. வெளியே இருப்பவரின் மனத்தைப் பற்றி யாரும் ஆராயவில்லை. நல்லதாகப் போயிற்று.

என் மனைவி கல்யாணிக்கு மூட்டுவலி. ஆகவே நான் போனேன், ஒரு பாட்டில் புளிக்காய்ச்சலுடன்.

போவதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். எங்களுக்குக் குடவாசல் பக்கத்தில் கொஞ்சம் நிலம் உண்டு. என் தாத்தா வரப்பில் குடை பிடித்து நின்றபடி பயிர் செய்தார். அப்பா சாய்வு நாற்காலியில் படுத்தபடி பயிர் செய்தார். நான் திருவாரூரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பயிர் செய்கிறேன். மாரியப்பன் என்பவர் குத்தகைக்கு எடுத்து நிஜமாகவே செய்கிறார். மூன்று தலைமுறையாக எங்கள் காலில் சேறு பட்டதில்லை. பேச்சில் மட்டும் பட்டிருக்கிறது. "இந்த வருஷம் நடவு கொஞ்சம் பிந்திப்போச்சு" என்று நான் சொல்வதைக் கேட்பவர்கள், நானே குனிந்து நட்டதாகத்தான் நினைப்பார்கள். பவித்ராவும் அப்படித்தான் நினைத்து வளர்ந்தாள். நான் திருத்தவில்லை.

கூடாரத்தில் மற்றவர்கள் கீரையும் உருளைக்கிழங்கும் வளர்த்தபோது, நெல் போட்டுப் பார்க்கிறேன் என்று அவள் ஒரு தட்டு கேட்டிருக்கிறாள். உனக்குத் தெரியுமா என்று கேட்டவர்களிடம் "எங்க அப்பா விவசாயி" என்று சொல்லியிருக்கிறாள். விதை எங்கள் வயலிலிருந்து போனது. அதை ஊற வைத்து முளை கட்டும் விதத்தை, விதை கொடுத்தபோதே மாரியப்பன் அவளுக்குச் சொல்லிவிட்டார். அதற்கு மேல் சொல்ல அப்பா இருக்கிறாரே என்று அவரும் நினைத்திருக்கலாம்.

நான் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு செய்தி வந்தது. "அப்பா, முளை கட்டின நெல்லை நாளைக்குத் தெளிக்கப்போறேன். தண்ணி எவ்வளவு வைக்கணும்?"

அந்த நேரத்தில், மறுநாள் அறுவடை மெஷின் வருகிறது என்று சொல்ல வந்த மாரியப்பன் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். ஐந்தடி தூரம். கேட்டிருக்கலாம். கேட்டால், இத்தனை வருஷமாக நடவைப் பற்றிப் பேசுகிற மனுஷனுக்கு இது தெரியாதா என்று நினைப்பாரே என்று உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நானே எழுதினேன். மூன்று பத்தி. நெல் தண்ணீரின் பிள்ளை என்று ஒரு வரி வந்தது. நன்றாக இருந்தது. அந்த வரிக்குப் பொருத்தமாக, மூன்று அங்குலத் தண்ணீரைத் தளும்பத் தளும்ப நிறுத்தி வை, வற்ற விடாதே என்று முடித்தேன்.

முதல் நாள். விமான நிலையத்தில் என் பெயரை எழுதிய அட்டையுடன் நின்றவர் என்னைப் பார்த்ததும் அட்டையை மடக்கிவிட்டார். "வாங்கண்ணே. திருவாரூர்தானே? நான் முத்துப்பேட்டை. பேரு ஜமால். செவ்வாய்க்குத் தண்ணி லாரி ஓட்றேன்."

"செவ்வாய்க்கா?"

"முகாமுக்குண்ணே. கூடாரத்துக்குள்ள ஒரு சொட்டு போவக் கூடாது. போனா ஆராய்ச்சி கெட்டுப்போயிரும்னு அந்த மார்த்தா அம்மா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடும்."

மார்த்தா அம்மா முகாமின் தலைவி. வெள்ளை முடி, ஆறடி உயரம், சிரித்தால் விதிமீறல் என்பது போன்ற முகம். அவர் பேசிய ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால் ஒரு விண்ணப்பப் படிவத்தைச் சத்தமாகப் படிப்பது போலத்தான் வரும். புளிக்காய்ச்சலை உள்ளே அனுப்ப முடியுமா என்று கேட்டேன். "செவ்வாய்க்குக் கூரியர் கிடையாது" என்றார். பாட்டிலில் 'பூமிப் பொருள்' என்று சீட்டு ஒட்டிக் குளிர்பெட்டியில் வைத்தார். அன்று பகல் உணவுக்குக் காய்ந்த குபூஸ் ரொட்டியும் பருப்பும் கொடுத்தார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை, வெந்நீர் ஊற்றினால் சாம்பார் ஆகிறேன் என்று சத்தியம் செய்யும் ஒரு பொடிதான் என்று கேள்விப்பட்டு, பேசாமல் தின்றேன்.

சாயங்காலம் கூடாரத்தின் தினசரிக் குறிப்பைப் படிக்கக் கொடுத்தார்கள். மனிதர்கள் வேறு கிரகத்தில் வாழ்வதன் கஷ்டம் அதில் வரி வரியாக இருந்தது. எரிகற்களைப் பற்றியோ கதிர்வீச்சைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. "ஸ்பூனை நக்கி வைப்பது கழுவியதாக ஆகாது." "என் காலுறையை யாரோ போட்டிருக்கிறார்கள்." "ஜன்னல் வழியாகக் காற்று வருவது போலக் கனவு கண்டேன், எழுந்து அழுதேன்." கடைசியில் ஒன்று: "நெல் தட்டிலிருந்து ஒரு நெடி வருகிறது. இது இயல்புதானா என்று பவித்ராவின் தந்தையைக் கேட்கவும்."

திரையில் தட்டைக் காட்டினார்கள். சிவந்த கல்பொடி, அதன் மேல் தண்ணீர், தண்ணீரில் விளக்கின் பிம்பம். பத்து நாள் ஆகியும் பச்சை என்று ஒரு புள்ளி இல்லை.

"அந்தத் தண்ணீருக்காக ஆறு பேரும் தங்கள் குளியல் பங்கில் பாதியை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்" என்றார் மார்த்தா. "பத்து நாளாக ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதோடு சரி. ஒரு விவசாயியின் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு. நீங்கள் பெருமைப்பட வேண்டும்."

பெருமைப்பட்டது போல முகத்தை வைத்துக்கொண்டேன். நாளை மறுநாள் ஆய்வு நடக்குமென்றும், அதற்குள் பச்சை தெரியாவிட்டால் தட்டைக் காலி செய்து தண்ணீரைக் குடிநீர்த் தொட்டிக்குத் திருப்பிவிடுவார்கள் என்றும் சொன்னார். அத்தோடு நெல் முடிந்தது.

பவித்ராவின் செய்தி வந்திருந்தது. "அப்பா, நீங்க இங்கதான் ரெண்டு கிலோமீட்டர்ல இருக்கீங்கன்னு நெனச்சா சிரிப்பா வருது. இன்னும் முளை வெளிய வரல. எல்லாரும் எங்கிட்ட மூஞ்சி தூக்காம இருக்காங்க, அதான் கஷ்டமா இருக்கு. நாத்தம் வேற. சரியா வந்துடும்ல?"

"இயல்புதான்" என்று எழுதினேன். "மண் பக்குவமாகிறது. பொறுத்திரு." ஒரே தட்டில் இரண்டாவது பொய்.

இரண்டாம் நாள் ஜமாலுடன் தண்ணீர் லாரியில் ஊருக்குப் போனேன். முகாமில் உட்கார்ந்து அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. ஊரில் ஒரு மலையாளி கடையில் பரோட்டாவும் சுலைமானி தேநீரும். கடைக்காரர் நான் செவ்வாய்க்கு வந்திருக்கிறேன் என்றதும், அங்கே கடை போட இடம் கிடைக்குமா என்று ஜமாலிடம் தனியாக விசாரித்தார்.

திரும்பும்போது லாரி மணலில் இறங்கிவிட்டது. எங்கள் ஊரில் வண்டி சேற்றில் இறங்கினால் நான்கு பேர் கூடி ஆறு யோசனை சொல்வார்கள். இங்கே மனித வாடையே இல்லை, நான் ஒருவன்தான் யோசனை சொல்ல இருந்தேன். "ஆக்ஸிலேட்டரை நல்லா மிதிங்க" என்றேன். ஜமால் மிதிக்கவில்லை. இறங்கி டயர்களில் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். "மணல்ல பலத்தைக் காட்டுனா புதையும்ணே. காத்தக் கொறச்சா டயர் அகலமா ஒக்காரும்."

அவர் மண்வெட்டியால் மணலைத் தள்ள, நான் தார்மீக ஆதரவாக நின்றேன். பேச்சுக்குப் பேச்சாக நெல் தட்டைப் பற்றிச் சொன்னேன். மூன்று அங்குலத் தண்ணீர், பத்து நாள், நெடி.

ஜமால் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். "வெதச்ச மறுநாள் தண்ணிய வடிக்கலையாண்ணே?"

"வடிக்கணுமா?"

"எனக்கு வெவசாயம் தெரியாது. எங்க வாப்பா மளிகைக் கடை. ஆனா சின்னப் புள்ளைல நாத்தங்காலுக்குப் பக்கத்துல தகர டப்பா தட்டுற வேல பாத்திருக்கேன். குருவி வந்து வெதயப் பொறுக்கும்னு. மூணு அங்குலம் தண்ணி நின்னா குருவி எப்புடிண்ணே பொறுக்கும்? அதென்ன முங்கு நீச்சலா அடிக்கும்?"

லாரி கிளம்பிவிட்டது. நான்தான் அங்கேயே புதைந்து நின்றேன். ஒவ்வொரு வருஷமும் எங்கள் நாற்றங்காலின் மேல் மாரியப்பன் பழைய வீடியோ நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருப்பதை வரப்பில் நின்று பார்த்திருக்கிறேன். வெயிலில் பளபளக்கும். காற்றில் விர்ரென்று பாடும். அதைப் பற்றி ஒரு பத்திரிகையில் கட்டுரைகூட எழுதியிருக்கிறேன், வாசகர்கள் பாராட்டினார்கள். அது எதற்கு என்று நான் கேட்டதே இல்லை.

மூன்றாம் நாள் காலையில் மாரியப்பனுக்குப் போன் செய்தேன். அவர் கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் காயப்போட்டுக் காலால் புரட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க சார். ஈரம் பாக்க வந்துட்டாங்க, கொஞ்சம் வெரசா சொல்லுங்க. பாப்பா நல்லா இருக்கா?"

சொன்னேன்.

"மூணு அங்குலமா?" அந்தப் பக்கம் நெல் புரளும் சத்தம் நின்றது. "முளைக்கு மூச்சு வேணாமா சார்? தண்ணிக்குள்ள அழுவிப்போயிருக்கும். எவன் சார் சொன்னது? வயக்காட்டையே பாக்காத பய எவனோ சொல்லியிருக்கான்."

"இங்கே இருக்கிற வெள்ளைக்காரங்க யாரோ" என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. ஐம்பத்து நான்கு வருஷப் பழக்கம். என்னவோ, அன்று வரவில்லை.

"நான்தான் மாரியப்பன்."

மறுபடி நெல் சத்தம். "சரி விடுங்க சார்" என்றார். "வெத மிச்சம் இருக்கா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். விதை ஒரு கைப்பிடி மிச்சம் இருப்பதாகப் பவித்ரா முன்பே எழுதியிருந்தாள். அவர் பாப்பாவுக்கென்று குரலில் பதிவு செய்து அனுப்பினார். பின்னணியில் யாரோ சாக்கு எடுத்து வரச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். "பாப்பா, பழய தண்ணி, பழய மண்ணு எல்லாத்தையும் எடுத்துடு. புது மண்ணக் கொழச்சு சமமா தடவு. முளைய தெளிச்சிட்டு, மறுநாள் காலம்பற தண்ணிய சுத்தமா வடிச்சிடு. மண்ணு சொதசொதன்னு இருந்தாப் போதும், தண்ணி நிக்கப்படாது. பச்ச கட்டுனப்பறம் அது ஒசர ஒசர நீ தண்ணிய ஏத்து. பயப்படாத. அங்க குருவி இல்லல்ல, அது ஒரு நிம்மதி."

அதை மார்த்தாவிடம் கொண்டுபோனேன். அவர் கேட்டுவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். "தவறு எது என்று தெரிந்தால் ஒரு முறை மறுபடி செய்து பார்க்க விதி உண்டு. தெரியாத தவறுக்கு மறுவாய்ப்பு இல்லை. இந்தக் கட்டத்தை நிரப்புங்கள்."

கட்டத்தின் தலைப்பு: 'தவறுக்குக் காரணம்'. இரண்டு அங்குல நீளம். நான் தண்ணீருக்குக் கொடுத்த இடத்தைவிடக் குறைவு.

"இதை யார் படிப்பார்கள்?"

"ஆறு பேரும். உணவு மேசையில் சத்தமாகப் படிப்பார்கள். செயல்முறை மாற்றம் என்றால் அப்படித்தான்."

'தகவல் பிழை' என்று எழுதினேன். மார்த்தா படித்துவிட்டு, யாருடைய தகவல், ஏன் பிழை என்று கேட்டார். 'உள்ளூர் முறைகளில் உள்ள வேறுபாடு' என்று எழுதினேன். அவர் பேனாவை என் கையிலிருந்து வாங்காமல், முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. வாழ்க்கையில் அடித்து அடித்து எழுதியது அதுதான். இத்தனைக்கும் அதில் ஒரு உவமைகூட இல்லை. கடைசியில் இப்படி நின்றது: 'நான் விவசாயி இல்லை. வயலில் ஒரு நாளும் இறங்கியதில்லை. என் மகள் கேட்டபோது, தெரிந்தவர் பக்கத்தில் இருந்தும் கேட்காமல், தெரிந்த மாதிரி எழுதினேன். முந்தாநாள் அவள் மறுபடி கேட்டபோதும் அதையே செய்தேன்.'

கட்டம் போதாமல் ஓரத்தில் ஏறிப் போயிற்று. மார்த்தா முத்திரை வைத்தார். செய்தி புறப்பட்டது.

நாற்பது நிமிடம் என்பது எவ்வளவு நேரம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. திருவாரூரிலிருந்து கும்பகோணத்துக்குப் பேருந்தில் அவ்வளவு நேரத்தில் குடவாசலைத் தாண்டிவிடலாம். முதல் இருபது நிமிடம் செய்தி இன்னும் போய்க்கொண்டிருக்கிறது, ஓடிப்போய் மறிக்கலாம் என்று இருந்தது. அடுத்த இருபது நிமிடம் அவள் படித்துவிட்டாள் என்று இருந்தது. உணவு மேசையில், பத்து நாளாகக் குளிக்காத ஐந்து பேருக்கு நடுவில், 'எங்க அப்பா விவசாயி' என்று சொன்ன அதே வாயால். ஜமால் குளிர்பெட்டியிலிருந்து புளிக்காய்ச்சலை எடுத்துக் குபூஸில் தடவிக் கொடுத்தார். "சாப்புடுங்கண்ணே. புள்ளைங்க மறந்துருவாங்க." நான் கையிலேயே வைத்திருந்தேன். அவர் இரண்டு சாப்பிட்டார். மார்த்தா விதியை மீறி ஒன்று.

பதில் நாற்பத்தேழாவது நிமிடத்தில் வந்தது. நடுவில் ஏழு நிமிடம் எங்கே போயிற்று என்று இன்றும் யோசிக்கிறேன்.

"செய்தி கிடைத்தது. பழைய தட்டைக் காலி செய்கிறோம். கைப்பிடி விதையை ஊறவைக்கப்போகிறோம். மாரியப்பன் மாமாவிடம் கேட்க வேண்டியது: தெளித்தபின் பச்சை கட்ட எத்தனை நாள்? விளக்கை முதல் நாளே போடலாமா?"

அவ்வளவுதான். நாற்றம் எடுத்த தட்டைப் பற்றி எழுதியபோதுகூட அவள் செய்தி 'அப்பா' என்றுதான் ஆரம்பித்தது. இதில் அந்த வார்த்தை இல்லை. தவறிப்போயிருக்கும் என்று இரண்டு முறை மேலிருந்து கீழ்வரை தேடினேன். நான் அன்று மாலையே நீளமாக ஒன்று எழுதி, அது மறுபடி அழகாக வர ஆரம்பித்ததைப் பார்த்து அழித்துவிட்டேன். மாரியப்பனின் பதிலை மட்டும் அனுப்பினேன்.

நான்காம் நாள் கிளம்ப வேண்டும். வழியில் ஒரு மேட்டில் ஜமால் வண்டியை நிறுத்தினார். "இப்ப ரெண்டு பேரு வெளிய நடப்பாங்கண்ணே. இங்கேர்ந்து பாத்தா தெரியும்." கூடாரம் ஒரு வெள்ளைப் பூசணி போலக் கிடந்தது. கதவு திறந்து, மூட்டை மூட்டையாக இரண்டு உருவங்கள் வந்தன. கண்ணாடித் தலை, பருத்த கால்கள். குனிந்து எதையோ பொறுக்கின. என் மகளின் நடையை ஆயிரம் பேரில் கண்டுபிடிப்பேன் என்று இதற்கு முன் யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஒரு உருவம் நிமிர்ந்து கையைத் தூக்கியது. தலைக்கவசத்தைச் சரிசெய்ததாகவும் இருக்கலாம். நான் இரண்டு கையையும் ஆட்டினேன்.

"ஒங்க மகளாண்ணே?"

"தெரியல ஜமால்."

அவர் வண்டியைக் கிளப்பினார்.

ஊர் திரும்பிய ஒன்பதாம் நாள் முகாமிலிருந்து படம் வந்தது. சிவந்த மண்ணில் ஊசி ஊசியாகப் பச்சை. எண்ணிப் பார்த்தேன், நாற்பதுக்கு மேல் இருந்தது. ஆறு பேரின் கைகளும் தட்டைச் சுற்றி இருந்தன. அவளுடைய கையை மட்டும் அடையாளம் தெரிந்தது, கட்டைவிரலில் சின்ன வயதுத் தழும்பு. கீழே ஒரு கடிதம். 'மாரியப்பன் மாமாவுக்கு' என்று தொடங்கியது. என் முகவரிக்கு வந்ததற்குக் காரணம், மாரியப்பனுக்கு மின்னஞ்சல் இல்லை என்பதுதான்.

கல்யாணி என் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு, "கொண்டுபோய்க் குடுங்க" என்றாள். "போன்ல படிச்சுக் காட்டாதீங்க. நேரா போங்க."

போனேன். இந்த முறை வரப்பில் நிற்பதில்லை என்று தீர்மானம். செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, ஐம்பத்து நான்கு வருஷம் தாமதமாக எங்கள் வயலில் காலை வைத்தேன். சேறு இல்லை. அறுவடை முடிந்த வயல் காய்ந்து கிடந்தது. நெல்தாள் கட்டைகள் உள்ளங்காலில் குத்தின. நடுவில் நின்ற மாரியப்பன் என்னையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நாற்று எவ்வளவு உயரம் வந்ததும் தண்ணீரை ஏற்றுவது, எவ்வளவு ஏற்றுவது, நெருக்கமாக முளைத்ததைக் கலைத்து வேறு தட்டில் நடலாமா என்று கேள்விகள். நல்ல கேள்விகள். எனக்கு ஒன்றுக்கும் விடை தெரியாது. கடைசி வரி: 'உங்க குரலை எல்லாரும் ரெண்டு தடவை போட்டுக் கேட்டோம் மாமா.'

மாரியப்பன் மடித்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போன குடுங்க சார், பதில் சொல்லிடுவோம்." நான் பதிவுப் பொத்தானை அழுத்திக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக, நிதானமாக, பக்கத்து வயலில் நிற்பவளுக்குச் சொல்வது போலச் சொன்னார். முடிந்தது என்று நான் கையை நீட்டியபோது அவர் போனைக் கொடுக்கவில்லை.

"அப்பறம் பாப்பா, ஒங்க அப்பா இங்கதான் நிக்கிறாரு. வயலுக்குள்ள. செருப்பக் கழட்டிட்டு எறங்கியிருக்காரு." என் காலைப் பார்த்தார். "உளுந்த மிதிச்சிக்கிட்டு."

குனிந்து பார்த்தேன். தாள் கட்டைகளுக்கு இடையே, நெல் அறுக்கும் முன்பே தெளித்திருந்த உளுந்து இரண்டு இலை நான்கு இலையாக வயல் முழுக்க முளைத்திருந்தது. வரப்பிலிருந்து நான் நின்ற இடம் வரைக்கும் என் கால் தடத்தில் மட்டும் அது படுத்திருந்தது.

வலது காலைத் தூக்கினேன். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"எங்க வைக்கிறது மாரியப்பன்?" என்று கேட்டேன்.

அவர் என் கேள்வியோடு சேர்த்துப் பதிவை அனுப்பிவிட்டு, குனிந்து பயிருக்கு நடுவே ஒரு இடம் தேடினார். போனில் செய்தி புறப்பட்டுவிட்டதாகக் காட்டியது. இனி நாற்பது நிமிடம்.